சீற்றத்துக்கு முந்திய பன்னிரண்டு நாள்கள்

1999ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நியூட்ரான் விண்மீன் பொங்கி ஒளிர்ந்தது. அதன் உச்சத்தை யாரும் பார்க்கவில்லை. சாக்ஸ் ஜே1808.4-3658 என்ற அந்த விண்மீன் தனுசு மண்டலத்தில், ஏறத்தாழ 11,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் தனுசில் சஞ்சரிக்கிறது என்பது பஞ்சாங்கம் பார்க்கும் எவருக்கும் தெரிந்ததுதான். எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளை அந்த மாதத்தில் அந்தத் திசைக்குத் திருப்ப முடியாது, சூரியனின் வீச்சு கருவிகளைக் கெடுத்துவிடும். 2000 ஜனவரியில் சூரியன் விலகியதும் ராஸி செயற்கைக்கோள் திரும்பிப் பார்த்தது. எஞ்சியிருந்தது சீற்றத்தின் தேய்ந்த வால் மட்டுமே.

எக்ஸ் கதிர் வானியலில் இப்படிப்பட்ட இழப்புகள் நிறைய. அவற்றில் பெரும்பாலானவை சூரியனால் நேர்ந்தவை அல்ல. பொங்கி எரியத் தொடங்கிய பிறகுதான் நாம் ஒரு விண்மீனைக் கவனிக்கிறோம், அதுவே பெரிய காரணம். எரியாத நாள்களில் யார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்விக்கு அண்மைக்காலம் வரை விடை சொல்ல ஆளில்லை. இந்தத் துறையின் மையக் கேள்வி அதுதான் என்று நான் கருதுகிறேன்.

முதலில் அந்த விண்மீனைப் பற்றிக் கொஞ்சம். இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து இயக்கிய பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் 1996இல் அதைக் கண்டுபிடித்தது. அது வினாடிக்கு 401 முறை சுழல்வதை 1998இல் ரூடி வைநாண்ட்ஸும் மிக்கேல் வான் டெர் கிளிஸும் ராஸியின் தரவுகளில் கண்டார்கள். துணைவிண்மீனிடமிருந்து வாயுவை வாங்கி வாங்கியே நியூட்ரான் விண்மீன்கள் இத்தனை வேகம் பெறுகின்றன என்று கோட்பாட்டாளர்கள் அதற்கு முன்பே சொல்லிவந்தார்கள். அதற்கு நேரடிச் சான்று கிடைத்தது அப்போதுதான். துணையாக இருப்பது சூரியனின் நிறையில் இருபதில் ஒரு பங்கு அளவே உள்ள மெலிந்த உடல். இரண்டும் ஒன்றையொன்று இரண்டு மணி நேரத்தில் சுற்றிவந்துவிடுகின்றன. நம் சூரியனுக்குள்ளேயே அடங்கிவிடக்கூடிய அளவுக்குச் சிறிய குடும்பம் அது.

துணையிடமிருந்து வழியும் வாயு நேராக நியூட்ரான் விண்மீன்மேல் விழுவதில்லை. சுழற்சி வேகம் அதைத் தடுக்கிறது, அதனால் விண்மீனைச் சுற்றி ஒரு வட்டாகப் படிகிறது. ஆண்டுக்கணக்கில் அந்த வட்டு குளிர்ந்து மங்கிக் கிடக்கும். வாயு சேரச் சேர அதன் அடர்த்தி கூடும், வெப்பம் மெல்ல ஏறும். எங்கோ ஓரிடத்தில் வெப்பநிலை 10,000 டிகிரியை நெருங்கும்போது ஹைட்ரஜன் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கத் தொடங்குகின்றன. அயனியான வாயு ஒளியை எளிதில் வெளியேவிடாது. வெப்பம் உள்ளேயே தங்குகிறது, வாயு அடுக்குகளுக்கிடையே உராய்வு திடீரென்று கூடுகிறது. அந்தக் கொதிநிலை வட்டு முழுவதும் பரவ, அதுவரை தேங்கிக் கிடந்த வாயு உள்நோக்கிப் பாய்கிறது. சீற்றம் என்று இந்தக் கட்டுரை சொல்வது இதைத்தான். வெள்ளைக்குள்ளன்களைச் சுற்றிய வட்டுகளுக்காக 1974இல் ஜப்பானின் யோஜி ஓசாக்கி முன்வைத்த கருத்து இதன் வேர். பின்னர் அது நியூட்ரான் விண்மீன்களுக்கும் கருந்துளைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

விழும் வாயு ஏன் இத்தனை ஒளி தருகிறது? நியூட்ரான் விண்மீனின் ஆரம் 10, 12 கிலோமீட்டர்தான், நிறையோ சூரியனைவிட அதிகம். அதன் தரையில் வந்து மோதும் ஒரு கிராம் வாயு வெளியிடும் ஆற்றல், அதே ஒரு கிராம் ஹைட்ரஜன் அணுக்கருப் பிணைவில் தரும் ஆற்றலைப்போல் இருபது மடங்குக்கும் அதிகம். அந்த வெப்பத்தில் பிறப்பவை பெரும்பாலும் எக்ஸ் கதிர்கள். பூமியின் காற்றுமண்டலம் அவற்றை விழுங்கிவிடுவதால் இவற்றைப் பார்க்க விண்வெளிக்குத்தான் போயாக வேண்டும். 1962 ஜூனில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட் ஒன்றில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு வைத்தனுப்பிய கருவிதான் சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதல் எக்ஸ் கதிர் மூலத்தைக் கண்டது. ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்று பெயர் பெற்ற அதுவும் ஒரு நியூட்ரான் விண்மீன் இரட்டைதான். ஆனால் அது எப்போதும் எரிவது. எப்போதோ எரிபவற்றைப் பிடிக்க ஐந்து நிமிட ராக்கெட் பயணம் போதாது.

அதற்கு வேண்டியது இரவும் பகலும் வான் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும் கருவி. அப்படியொன்று முதலில் கிடைத்தது வானியலுக்காக அல்ல. 1963இன் அணுகுண்டுச் சோதனைத் தடை உடன்படிக்கையை யாரேனும் மீறுகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்களில் எக்ஸ் கதிர் உணரிகள் இருந்தன. 1969 ஜூலையில் அவை சென்டாரஸ் மண்டலத்தில் புதிதாக ஒரு மூலம் பொங்கி எழுவதைப் பதிவு செய்தன. சென்டாரஸ் எக்ஸ்-4 அது. பழைய பதிவுகளை லாஸ் அலமாஸ் குழுவினர் பின்னர் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது: சீற்றம் வெளிப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அதே திசையில் ஒரு குறுகிய, மிகப் பிரகாசமான மின்னல். 1972இல் அதைப் பற்றி எழுதினார்கள். அது என்னவென்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

1975இல் ஏஎன்எஸ் என்ற டச்சுச் செயற்கைக்கோளின் தரவுகளில் ஜொனத்தன் கிரிண்ட்லேவும் ஜான் ஹைசெவும் என்ஜிசி 6624 என்ற விண்மீன் கொத்திலிருந்து இதேபோன்ற மின்னல்களைக் கண்டபோதுதான் விளக்கம் தேடும் வேகம் பிறந்தது. நியூட்ரான் விண்மீனின் தரையில் படிந்த ஹைட்ரஜனும் ஹீலியமும் தம் எடையாலேயே நசுங்கிச் சூடேறி, ஒரு கட்டத்தில் அடுக்கு முழுவதும் ஒரே வீச்சில் அணுக்கருப் பிணைவில் எரிந்துபோகின்றன. இதை நான் வெடிப்பு என்று சொல்கிறேன். சீற்றம் வாரக்கணக்கு, வெடிப்பு வினாடிக்கணக்கு. சீற்றம் வட்டில் நடப்பது, வெடிப்பு தரையில் நடப்பது. கருந்துளைக்குத் தரை கிடையாது. ஆகவே வெடிப்பைப் பார்த்துவிட்டால், உள்ளே இருப்பது நியூட்ரான் விண்மீன் என்பதில் ஐயம் வேண்டாம்.

வான் முழுவதையும் கண்காணிக்கும் இன்றைய காவல் கருவிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இயங்கும் ஜப்பானின் மாக்ஸி, நிலையம் பூமியைச் சுற்றும் ஒவ்வொரு 92 நிமிடத்திலும் வானத்தின் பெரும்பகுதியைத் துழாவிவிடுகிறது. 2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்டில் பாட் என்ற கருவி இருக்கிறது. ஊடுருவும் ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களைச் சாதாரண ஆடியால் குவிக்க முடியாது, ஆகவே பாட் குவிப்பதே இல்லை. உணரிகளுக்கு ஒரு மீட்டர் மேலே 2.7 சதுர மீட்டர் பரப்பில் ஒரு தட்டு. அதில் 5 மில்லிமீட்டர் சதுரமான ஈயச் சில்லுகள் ஏறத்தாழ 52,000, எந்த ஒழுங்கும் இல்லாமல் பாதி இடத்தை மறைத்து ஒட்டப்பட்டிருக்கின்றன. கீழே 32,768 காட்மியம் துத்தநாகம் டெல்லுரைடு உணரிகள். கீற்றுக் கொட்டகையின் ஓட்டைகள் வழியே விழும் வெயில் புள்ளிகள் நகர்ந்திருப்பதை வைத்து நேரம் போனதைத் தெரிந்துகொள்கிறோம் அல்லவா? அதேபோல் ஈயச் சில்லுகளின் நிழற்கோலம் உணரிகளில் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டுக் கதிர் வந்த திசையை மீட்டெடுக்கிறார்கள். ஒரே நேரத்தில் பத்து மூலங்கள் ஒளிர்ந்தால் பத்து நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். சில்லுகளின் ஒழுங்கின்மைதான் அவற்றைப் பிரித்தெடுக்க உதவுகிறது.

பிரகாசத்தை அளக்க இத்துறையினர் நண்டு நெபுலாவை அலகாக வைத்திருக்கிறார்கள். அதன் ஒளி 1 கிராப், ஆயிரத்தில் ஒரு பங்கு 1 மில்லிகிராப். மாறாத ஒளி என்று அதை நெடுங்காலம் நம்பிவந்தார்கள். ஆனால் 2008இலிருந்து இரண்டே ஆண்டில் அது 7 சதவீதம் மங்கியது. ஃபெர்மி, ஸ்விஃப்ட் உள்ளிட்ட பல செயற்கைக்கோள்களின் அளவீடுகளை ஒப்பிட்டுக் கோலீன் வில்சன்-ஹாட்ஜ் தலைமையிலான குழு 2011இல் இதை வெளியிட்டது. அலகே அசைகிறது என்று தெரிந்த பிறகும் வேறு நல்ல அலகு அகப்படவில்லை, அதையே பயன்படுத்துகிறார்கள். 2020 நவம்பரில் அந்த நண்டிலிருந்து நாலரை பாகை தூரம்கூட இல்லாத ஏ0535+26 என்ற நியூட்ரான் விண்மீன் சீறி எழுந்தபோது, பாட் அளக்கும் அலைவரிசையில் நண்டைப்போல் கிட்டத்தட்ட 12 மடங்கு ஒளிர்ந்தது. 1975 முதல் அறியப்பட்டிருந்த அந்த விண்மீன் அதுவரை இவ்வளவு பிரகாசமாக எழுந்ததில்லை.

முன்பின் தெரியாத ஒன்று எழும்போது குழப்பம் கூடும். 2017 செப்டம்பர் இறுதியில் காசியோபியா மண்டலத்தில் ஒரு புதிய ஒளிர்வை மாக்ஸி கண்டது. மாக்ஸி திசையைத் துல்லியமாகச் சொல்லக்கூடியதல்ல. பக்கத்தில் எல்எஸ் ஐ +61 303 என்ற நன்கறிந்த இரட்டை இருந்ததால், அதுதான் பொங்குகிறது என்று முதலில் கருதப்பட்டது. அக்டோபர் 3 அன்று பாட் அதைப் பிடித்தது. ஸ்விஃப்ட் தன் குறுகிய பார்வைத் தொலைநோக்கியை அத்திசைக்குத் திருப்பியபோது, ஒளி வரும் இடம் பழைய இரட்டையிலிருந்து முழுநிலவின் அகலத்தைவிடச் சற்றே குறைந்த தூரம் தள்ளி இருப்பது தெரிந்தது. 9.86 வினாடிக்கு ஒரு முறை துடிக்கும் புதிய நியூட்ரான் விண்மீன். ஸ்விஃப்ட் ஜே0243.6+6124 என்று பெயரிட்டார்கள்.

அடுத்த சில வாரங்களில் அது ஏறிய உயரத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. நியூட்ரான் விண்மீனின் ஒளிக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வெளியேறும் ஒளியின் அழுத்தமே உள்ளே விழும் வாயுவைத் தள்ளிவிடும். அந்த வரம்பு சூரிய ஒளியைப்போல் ஏறத்தாழ 50,000 மடங்கு. நவம்பரில் இந்த விண்மீன் அதைப்போல் சுமார் பத்து மடங்கு ஒளிர்ந்தது. நம் பால்வீதிக்குள் அப்படிக் காணப்பட்ட முதல் துடிப்பு விண்மீன் இதுதான். வலுவான காந்தப்புலம் உள்ள நியூட்ரான் விண்மீன் வாயுத் தாரைகளை வீசாது என்ற நீண்ட நாள் நம்பிக்கையையும் இதுவே உடைத்தது. யாகோப் வான் டென் ஐண்டன் தலைமையிலான குழு அமெரிக்காவின் மிகப்பெரும் ரேடியோ வரிசை மூலம் அதன் தாரையைக் கண்டு 2018இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. நம் இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் அந்த அக்டோபரிலேயே இருமுறை அதைப் பார்த்தது. பாட்டின் எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்ததால்தான் இவை எல்லாம் நடந்தன. அதில் ஐயமில்லை.

ஆனாலும் இந்தக் கருவிகளிடம் ஒரு குறை இருக்கிறது, அது அவற்றின் அடிப்படையிலேயே இருக்கிறது. வானம் முழுவதையும் பார்க்க வேண்டுமானால் ஆழமாகப் பார்க்க முடியாது. சில மில்லிகிராப் அளவுக்குக் கீழே உள்ளதை அவை ஒரு நாளில் உணர்வதில்லை. சாக்ஸ் ஜே1808 உறங்கும் நிலையிலிருந்து ஆயிரக்கணக்கான மடங்கு எழுந்த பிறகுதான் அந்த அளவை எட்டும். வட்டில் தீ எங்கே பற்றியது, எவ்வளவு வேகத்தில் உள்ளே பரவியது என்பதெல்லாம் அதற்கு முன்பே முடிந்துபோயிருக்கும். கோட்பாடு எதைப் பற்றிச் சொல்கிறதோ அந்தக் கட்டத்துக்குத் தரவே இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படித்தான் இருந்தது.

வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. வட்டின் வெளிப்பகுதி குளிர்ந்தது. அங்கே கொதிப்பு தொடங்கினால் அது முதலில் எக்ஸ் கதிராக அல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகவே வெளிப்பட வேண்டும். அப்படியென்றால் பூமியிலுள்ள சாதாரணத் தொலைநோக்கியே முன்னெச்சரிக்கை தர முடியும், ஒரு நிபந்தனையோடு: எதுவும் நடக்காத நாள்களிலும் அது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள இரண்டு மீட்டர் ஃபோக்ஸ் தொலைநோக்கிகள் இந்த வேலையை 2008 முதல் செய்துவருகின்றன. பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகள் இணையம் வழியே உண்மையான தொலைநோக்கியை இயக்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டவை அவை. இப்போது லாஸ் கும்ப்ரெஸ் என்ற உலகளாவிய தொலைநோக்கி வலையத்தின் பகுதிகள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்தில் டேவிட் ரஸ்ஸலும் உடன் பணியாற்றுவோரும் உருவாக்கிய எக்ஸ்பி-நியூஸ் என்ற மென்பொருள், படங்கள் வரவர ஒவ்வொரு மூலத்தின் ஒளியையும் தானாகவே அளந்து, வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் தெரிவிக்கிறது. கண்காணிப்பில் இருப்பவை சுமார் 50 இரட்டைகள்.

சொல்வதற்கு எளிது. பால்வீதியின் மையத் திசையில் விண்மீன்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. காற்று சற்றுக் கலங்கிய இரவில் பக்கத்து விண்மீனின் ஒளி பரவி நம் விண்மீன்மேல் ஏறிவிடும், சீற்றம் தொடங்கியதுபோல் தோன்றும். உறங்கும்போது சாக்ஸ் ஜே1808 இரண்டு மீட்டர் ஆடிக்கு எட்டும் எல்லையிலேயே இருக்கிறது. ஒரு புள்ளி உயர்ந்துவிட்டது என்பதற்காக உலகத்தையெல்லாம் எழுப்பிவிட முடியாது. அடுத்தடுத்த இரவுகளிலும் உயர்ந்தே இருக்கிறதா, அந்த இரவின் மற்ற விண்மீன்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

2019 கோடையில் இது பலித்தது. சாக்ஸ் ஜே1808 இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை சீறும் வழக்கமுடையது. முந்தியது 2015இல். அடுத்தது நெருங்கிவிட்டது என்று கணித்து, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அடெல் குட்வின் குழு ஸ்விஃப்டிடம் முன்கூட்டியே நேரம் வாங்கி வைத்திருந்தது. ஜூலை கடைசி வாரத்தில் கண்ணுறு ஒளி கூடத் தொடங்கியது. எக்ஸ் கதிரில் ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தார்கள், ஒன்றுமில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் எக்ஸ் கதிர் உறக்க அளவைத் தாண்டி ஏறியது. இடையில் 12 நாள்கள். இத்தகைய இரட்டை ஒன்றில் உறக்கத்திலிருந்து உச்சம் வரை கண்ணுறு ஒளியிலும் எக்ஸ் கதிரிலும் சேர்த்துத் தொடர்ச்சியாகப் பதிவானது அதுவே முதல் முறை.

பன்னிரண்டு நாள் என்பது கோட்பாட்டுக்கு உறுத்தல். இவ்வளவு சிறிய வட்டில் கொதிநிலை இரண்டு மூன்று நாளில் உள்ளே போய்ச் சேர்ந்துவிடும் என்றே எண்ணியிருந்தார்கள். துணைவிண்மீன் தன் ஹைட்ரஜனின் ஒரு பகுதியை இழந்திருந்தால் வட்டில் ஹீலியம் மிகுந்திருக்கும், ஹீலியத்தை அயனியாக்க இன்னும் அதிக வெப்பம் வேண்டும், அதனால் தாமதம் என்பது குட்வின் குழு முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. இன்னொன்றையும் யோசிக்க இடமிருக்கிறது. உறங்கும் காலத்தில் இந்த விண்மீன் சாதாரணத் துடிப்பு விண்மீனைப்போல் துகள்காற்றை வீசுகிறது என்பதற்கு அறிகுறிகள் உள்ளன, அந்தக் காற்று வட்டின் உள்பகுதியைத் துடைத்து வைத்திருந்தால், வாயு முதலில் அந்த வெற்றிடத்தை நிரப்பியாக வேண்டும். எது சரி என்பது ஒரே ஒரு சீற்றத்தை வைத்துத் தீராது. எனக்கு இரண்டாவதில் ஈர்ப்பு அதிகம், ஏனென்றால் அது துணைவிண்மீனின் ஒரு பக்கம் சூடாகத் தெரிவதையும் சேர்த்து விளக்குகிறது.

முன்னெச்சரிக்கை கிடைத்ததால் எல்லாக் கருவிகளும் தயாராக இருந்தன. விண்வெளி நிலையத்தில் உள்ள நைசர் தொலைநோக்கி அந்த மாதம் முழுவதும் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஆஸ்ட்ரோசாட்டும் பார்த்தது. ஆகஸ்ட் 20 அன்று, அமெரிக்க நேரப்படி இரவு, தரையில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. நைசர் அதுவரை கண்டவற்றில் அதுவே மிகப் பிரகாசமானது. ஒளி விருட்டென்று ஏறியது, ஒரு வினாடி அளவுக்கு அப்படியே நின்றது, பிறகு மீண்டும் ஏறியது. முதல் ஏற்றத்தில் ஒளியின் அழுத்தம் மேலே கிடந்த ஹைட்ரஜன் அடுக்கை ஊதித் தள்ளியது, அடுத்த ஏற்றத்தில் ஹீலியம் அடுக்கு கிளம்பியது என்று பீட்டர் புல்ட் தலைமையிலான குழு விளக்கியது. சூரியன் ஏறத்தாழ 10 நாளில் தரும் ஆற்றலை அது 20 வினாடியில் கொடுத்துவிட்டது. அந்த ஒரு வினாடித் தயக்கம் பதிவானதற்குக் காரணம், அந்த நேரத்தில் ஒரு பெரிய தொலைநோக்கி அத்திசையை நோக்கியிருந்தது என்பதே.

தொலைநோக்கி நேரம் பங்கிடும் குழுக்கள் பொதுவாகப் பிரகாசமானதற்கே முன்னுரிமை தருகின்றன. மங்கிய புள்ளி ஒன்றை ஆண்டு முழுவதும் பார்க்கிறேன், பெரும்பாலும் ஒன்றும் நடக்காது என்று எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்துக்கு எளிதில் இடம் கிடைக்காது. 2019இன் 12 நாள்கள் அந்த மனப்போக்குக்கு எதிரான வலுவான வாதம். காவல் கருவிகளும் மூப்படைகின்றன. ஸ்விஃப்டின் சுற்றுப்பாதை தாழ்ந்துவருகிறது. மாக்ஸி, நைசர் இரண்டின் ஆயுளும் விண்வெளி நிலையத்தின் ஆயுளோடு கட்டப்பட்டது. 2024 ஜனவரியில் சீனா ஏவிய ஐன்ஸ்டைன் புரோப், கல்இறாலின் கண்ணைப் பார்த்து வடிவமைத்த ஆடிகளால் அகன்ற வானைப் பழைய காவல் கருவிகளைவிடப் பன்மடங்கு ஆழமாகப் பார்க்கிறது. எக்ஸ் கதிர் ஏற்றத்தின் தொடக்கத்தை இனி அது முன்கூட்டியே பிடிக்கும்.

கண்ணுறு ஒளிப் பக்கத்தில் நிலைமை இன்னும் தீர்மானமாகவில்லை. சிலியின் செரோ பாச்சோனில் 8.4 மீட்டர் ஆடியுடன் எழுந்துள்ள ரூபின் வானாய்வகம் தென்வானம் முழுவதையும் பத்து ஆண்டுகள் மீண்டும் மீண்டும் படமெடுக்கப் போகிறது. ஃபோக்ஸ் தொலைநோக்கிகளுக்கு எட்டாத மங்கிய இரட்டைகள் அதற்கு எட்டும். ஆனால் இந்த இரட்டைகளில் பெரும்பாலானவை நெருக்கடியான பால்வீதி மையத் திசையில்தான் கிடக்கின்றன. எத்தனை இரவுக்கு ஒரு முறை அத்திசைக்குத் திரும்புவது என்பது வானியலாளர்களுக்கிடையே நீண்ட வாதத்துக்கு உரியதாக இருந்துவருகிறது. இரண்டு மூன்று இரவுக்கு ஒரு முறை என்றால் கண்ணுறு ஒளியின் முதல் ஏற்றம் சிக்கும், எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளைத் திருப்ப ஒரு வாரத்துக்கு மேல் மிஞ்சும். பத்து இரவுக்கு ஒரு முறை என்றால் சாக்ஸ் ஜே1808ஐப் போன்ற ஒன்றில்கூடச் செய்தி கிடைக்கும்போது எக்ஸ் கதிர் எழும் தறுவாயில் இருக்கக்கூடும்.